பதினைந்தாவது பெண்

அக்கா காலமான மறுநாள், ராஜகோபுரத்திலிருந்து அம்மா மண்டபம் வரை ஒட்டப்பட்ட கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவருடைய படத்துக்குக் கீழே ‘எம்.எஸ்சி., (கணிதம்)’ என்று அச்சாகியிருந்தது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலரும் அதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் போடச் சொன்ன முட்டாள் நான்தான்.

அக்கா எம்.எஸ்சி. படித்தவரல்ல. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அவருக்குக் கணக்குப் பாடமே கிடையாது. இது எனக்குத் தெரியாததும் அல்ல. சுவரொட்டி அடிப்பவர் போனில், “அம்மா என்ன படிச்சவங்க சார்?” என்று கேட்டபோது, அழுதுகொண்டிருந்த வாய் “மேத்ஸ்” என்று சொல்லிவிட்டது. அவர் “எம்.எஸ்சி.ங்களா?” என்றார். நான் “ஆமா” என்றேன். எழுதிப் பிழைக்கிறவன் நான். பிழை பார்க்காமல் அச்சுக்கு அனுப்பிய ஒரே வரி அக்காவைப் பற்றியதாக அமைந்தது.

துக்கம் கேட்க வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், “எந்தக் காலேஜ்? எங்கிட்டயே படிச்சிருக்கலாம், முகம் பாத்த மாதிரி இருக்கு” என்று துருவ ஆரம்பித்தார். தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அக்காவின் மகள் கயல் அங்கே வந்து சொன்னாள்: “அம்மா மேத்ஸ் படிச்சிருந்தா, அந்த வெள்ளிக்கிழமை நாம அப்படி அலைஞ்சிருக்கவே மாட்டோமே, மாமா.”

சுவரில் ஒட்டியதைத் திருத்த முடியவில்லை. முதலாம் ஆண்டு நினைவாக வரும் இந்த மலரிலாவது திருத்திவிடுகிறேன்.

அக்கா பிறந்தது மண்ணச்சநல்லூரில். அங்கே ஓர் அரிசி ஆலையில் அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதே ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்து, அடையவளஞ்சான் வீதியில் வாடகைக்கு இருந்தோம். அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவர். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவருக்குக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று ஆயுள் முழுவதும் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் படித்த பெண்கள் பள்ளியில், ப்ளஸ் ஒன்னில் கணக்கு உள்ள குரூப் கிடையாது. வரலாறு இருந்தது, மனையியல் இருந்தது. கணக்கு வேண்டுமென்றால் காவிரிப் பாலம் தாண்டி டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். அப்பா நல்லவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். “பொம்பளப் புள்ள தெனமும் பாலம் தாண்டிப் போயிட்டு வரணுமாம்மா? ரெண்டு வருஷம்தானே, இங்கயே படிச்சிரு” என்றார். அந்த இரண்டு வருடமும் அக்கா குழந்தைச் சட்டை தைத்தார், கஸ்டர்டு காய்ச்சினார், கேரட்டின் படம் வரைந்து அதில் என்ன சத்து என்று பக்கத்தில் எழுதினார். பிறகு பொறியியலுக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. பி.எஸ்சி. கணிதத்துக்கும் முடியவில்லை. ‘ப்ளஸ் டூவில் கணக்கு இல்லையே’ என்று எல்லாக் கல்லூரியிலும் ஒரே பதில். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தார்.

அக்கா ப்ளஸ் டூ முடித்த ஆண்டுதான், பத்தாம் வகுப்புக் கணக்கில் ஐம்பத்திரண்டு மார்க் வாங்கிய என்னை டவுனில், கணக்கு உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்த்தார்கள். பாலம் என்னை ஒன்றும் செய்யாது என்று அப்பா நம்பினார். என் கணக்குப் புத்தகத்துக்கு அட்டை போட்டது நான்; படித்தது அக்கா. அவர் சொல்லிக்கொடுத்து நான் தேறினேன். தேறி, பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனாக ஆனேன். நாட்டுக்கு ஒரு பொறியாளர் இடம் எப்படி வீணாயிற்று என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

அக்கா ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். பகல் முழுவதும் ஒன்று முதல் நூறு வரை. மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு. சின்னக்கடை வீதியில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த மாமாவைக் கைப்பிடித்தார். கயல் ஒரே மகள். நாற்பத்தைந்து வயதில் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. வாரத்தில் செவ்வாய், வெள்ளி இரு நாளும் தில்லை நகரில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும். அதையும் அவர் புகாராகச் சொன்னதில்லை. “அளக்கறதுதானேடா எனக்குப் பிடிச்ச வேலை” என்பார்.

கயல் பத்தாம் வகுப்பு முடித்த ஜூன் மாதம் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

கயல் படித்த பள்ளிக்கு ஆண்கள் பிரிவு ஒரு வளாகத்திலும் பெண்கள் பிரிவு வேறு வளாகத்திலும் உண்டு. ஃபர்ஸ்ட் குரூப் ஆண்கள் பிரிவில் மட்டும்தான். அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. தலைமுறை ஒன்று தாண்டியும் அக்காவின் கதை அப்படியே மகளுக்கும் நடக்க இருந்தது. அக்கா போய்க் கேட்டதில், நிர்வாகம் ஒரு நிபந்தனை விதித்தது. பதினைந்து பெண்கள் பெயர் கொடுத்தால் பெண்கள் பிரிவிலும் ஃபர்ஸ்ட் குரூப் திறந்து கணக்கு டீச்சர் போடுவார்கள். கடைசி நாள் வெள்ளி, மாலை நான்கு மணி.

“பதினாலு வந்தா?” என்று நான் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன்.

“பதினாலு வந்தா பதினாலு பேரும் காமர்ஸ் சார்” என்றார் அவர். “நான் குரூப் வேணும்னுதான் சொல்றேன். மேல உள்ளவங்க எண்ணித்தான் பாப்பாங்க.”

அந்த வாரம் முழுவதும் அக்கா என் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து உத்தர வீதி, சித்திரை வீதி, மேலூர் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒரு வீட்டில் மாப்பிள்ளை தேட வேண்டும் என்றார்கள். ஒரு வீட்டில் மாப்பிள்ளை கிடைத்தேவிட்டார். வியாழன் இரவு எண்ணினால் பதினாலு. கயல் கணக்குப் புத்தகம் வாங்கி வைத்துவிட்டு, அதைப் பிரிக்காமல் மேசைமேல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளி காலை தலைமை ஆசிரியை போன் செய்தார். மண்ணச்சநல்லூரில் ஒரு பெண் இருக்கிறாள், பெயர் நிவேதா, கணக்கில் தொண்ணூற்றேழு. ஆனால் வீட்டார் நம் பள்ளியிலேயே காமர்ஸில் சேர்த்துவிட்டார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றார். அன்று அக்காவுக்கு டயாலிசிஸ் நாள். காலில் நீர் கோத்து, செருப்பு நுழையவில்லை. மருத்துவமனைக்குப் போன் போட்டு, மத்தியான முறையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்.

“சாயங்காலமும் வரலைன்னா அந்தப் படுக்கையை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்” என்றார், ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டே.

“முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா.”

“அதெல்லாம் நாலு மணிக்கு மேல. இப்ப எனக்கு ஆஸ்பத்திரியில என்ன அவசரம்? வண்டியை எடுடா.”

கொள்ளிடம் பாலம் தாண்டி, நெ.1 டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, மண்ணச்சநல்லூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. நிவேதாவின் அப்பா அரிசி மண்டி வைத்திருப்பவர். வாசலிலேயே வந்து, “வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க” என்று உட்காரவைத்தார். அவர் மனைவி இரண்டு டம்ளர் மோர் வைத்துவிட்டு, சமையற்கட்டு வாசலில் நின்றார். அக்கா குடிக்கக் கூடாது. மரியாதைக்கு டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார். அவர் உதடு வறண்டு வெடித்திருந்தது.

நிவேதா இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. தம்பி நிவாஸ் அவளைவிடப் பத்து நிமிடம் இளையவன்.

“தம்பி எந்த குரூப்புங்க?” என்றார் அக்கா.

“அவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் போட்டாச்சுங்க.”

“கணக்குல எவ்வளவு?”

“அறுவத்தொண்ணு.”

“பாப்பா தொண்ணூத்தேழு.”

“அதனாலதாங்க” என்றார் மண்டிக்காரர், துளியும் கூச்சமில்லாமல். “அவன் தேறணும்ல? பொண்ணு எதுல போட்டாலும் தேறிரும்.”

எனக்கு மோர் புரையேறியது. அக்கா சிரிக்கவில்லை.

“கணக்குப் படிச்ச பொண்ணு நாளைக்கு பி.காம். வேணும்னா போகலாம்ங்க. காமர்ஸ் படிச்ச பொண்ணு இன்ஜினியரிங் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. நீங்க இன்னைக்கு எழுதறது ரெண்டு வருஷப் படிப்பு மட்டும் இல்லைங்க. அதுக்கப்புறம் அவ எந்தக் காலேஜுங்கறதையும் இன்னைக்கே எழுதிடறீங்க.”

“அதையேதான் நானும் சொல்றேன் டீச்சர். கணக்குப் படிச்சா கவுன்சலிங்னு நிப்பா. சென்னை கிடைக்கும், கோயம்புத்தூர் கிடைக்கும். பொண்ணை ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் இங்க தூங்கணுமா? காமர்ஸ்னா டவுன் பஸ்ஸுல லேடீஸ் காலேஜ் போயிட்டு அஞ்சு மணிக்கு வீட்டுல இருப்பா.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார் வீட்டுல பொண்ணு இருக்கா?”

“இருக்கா. அவளும் பத்தாவது முடிச்சிருக்கா.”

“எந்த குரூப்பு?”

“காமர்ஸ்.”

மண்டிக்காரர் அக்காவின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்.

“அவளா கேட்டு எடுத்ததுங்க” என்றேன்.

“எல்லா வீட்டுலயும் அவங்களா கேட்டதுதான் சார்” என்றார் அவர்.

என் மகள் மது உண்மையிலேயே அவளாகக் கேட்டுத்தான் காமர்ஸ் எடுத்தாள். கணக்குப் பதிவியல் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அந்தக் கூடத்தில் அதை யாரிடம் சொல்ல? விட்ட மானத்தை மீட்கும் வேகத்தில், “நானே ஃபர்ஸ்ட் குரூப் படிச்சவன்தாங்க” என்றேன்.

மண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்படியா? அப்ப ஒண்ணு சொல்லுங்க. நாப்பது மூட்டை நெல்லு, மூட்டை எழுபத்தஞ்சு கிலோ. நூறு கிலோவுக்கு அறுபத்தாறு கிலோ அரிசி காணுது. எவ்வளவு அரிசி வரும்?”

நான் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். விரல்களைப் பார்த்தேன். “சுமார்... ரெண்டாயிரத்து ஐநூறு இருக்குமுங்களா?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது” என்று உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

சமையற்கட்டு வாசலில் நின்ற அந்த அம்மா என்னையே கண்கொட்டாமல் பார்த்தார். என் பேச்சு அவர் மனதைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் மண்டிக்காரர் எழுந்து கைகூப்பிவிட்டார். “உடம்பு முடியாம எங்க வீடு தேடி வந்திருக்கீங்க. இல்லைன்னு சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இல்லைங்க.”

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நிழலில் நிறுத்தி, மனதில் தோன்றிய யோசனையைச் சொன்னேன். “மது பேரை எழுதிடலாம்க்கா. பதினஞ்சு ஆயிடும். குரூப் திறந்ததும் ஒரு மாசத்துல காமர்ஸுக்கு மாத்திக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?”

“அவ மாறின அன்னைக்கு மறுபடியும் பதினாலுடா. வந்த டீச்சரைத் திருப்பி அனுப்புவாங்க. பாதி வருஷத்துல பதினாலு பொண்ணும் எங்க போகும்?” கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “மாறாம இருக்கச் சொன்னா, பிடிக்காததை அவ படிக்கணும். அந்த வேலையை நான் பண்ண மாட்டேன். எனக்கு ஒருத்தர் பண்ணினதே போதும்.”

அப்பாவைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே குறை அதுதான்.

அக்காவுக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, மூன்றரை மணிக்குத்தான் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தோம். வராந்தா பெஞ்சில் கயலும் இன்னும் நாலைந்து பெண்களும் அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கயல் மட்டும் அம்மாவின் காலருகே குனிந்து, வீங்கிய பாதத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். அழுத்திய குழி மேலே எழும்பவில்லை.

“அம்மா, நான் காமர்ஸே படிக்கறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ.”

“மணி என்ன?”

“மூணு நாப்பது.”

“அப்ப இன்னும் நீ காமர்ஸ் இல்ல. பேசாம உக்காரு.”

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நான் எடுத்து, “கிளம்பிட்டோம் சிஸ்டர்” என்று பொய் சொன்னேன். தலைமை ஆசிரியை தன் அறை வாசலுக்கு இரண்டு முறை வந்து, தெருவைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மூன்றாவது முறை, மணி நாலு பத்துக்கு, கையில் பேனாவோடு வந்தார். பட்டியலைப் பதினாலோடு முடித்துக் கையெழுத்துப் போடத்தான் என்று புரிந்தது. அக்கா எழுந்திருக்க முயன்று, முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நான் தூக்கிவிடக் குனிந்தேன்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மண்டிக்காரர் மனைவி இறங்கினார், மோர் கொடுத்த அதே புடவையில். பின்னால் நிவேதா. அந்த அம்மா எங்களைப் பார்க்காமல் நேரே தலைமை ஆசிரியையிடம் போனார்.

“இவளைக் கணக்கு குரூப்புல எழுதிருங்க டீச்சர்.”

“அப்பா வரலையாம்மா?”

“மண்டியில இருக்காரு. வீட்டுக்கு ஆறு மணிக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள எழுதிருங்க.”

“அவருக்குத் தெரியுமா?”

“ஆறு மணிக்குத் தெரியும்.”

“நாளைக்கு வந்து சண்டை போட்டார்னா நான் என்னம்மா பண்றது?”

“எங்கிட்டப் போடட்டும். ரெண்டையும் பெத்தது நான்தானே?” பேனாவை வாங்கிக்கொண்டார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கயல் அழுதாள். அக்கா அழவில்லை. “இப்ப வண்டியை எடுடா” என்றார். அன்று மாலை டயாலிசிஸ் பிரிவில் சிஸ்டர் எங்களைத் திட்டிய திட்டை இந்த மலரில் அச்சிட முடியாது. அவ்வளவு திட்டியவரே இரவு முழுவதும் அக்கா பக்கத்தில் இருந்தார்.

மறுவாரம் மண்டிக்காரர் அக்கா வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்தார் என்பது நடையிலேயே தெரிந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் ஊசிக்கட்டோடு அக்கா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கதவருகே நெடுநேரம் நின்றுவிட்டு, “பையனுக்கு டியூஷன் எடுப்பீங்களா டீச்சர்?” என்று கேட்டார்.

பதினைந்து பெண்களும் ப்ளஸ் டூ முடித்தார்கள். எல்லோரும் பொறியியலுக்குப் போகவில்லை. சிலர் பி.காம். கூடப் போனார்கள். அதில் அக்காவுக்குத் துளியும் வருத்தமில்லை. நிவேதா சென்னையில் பொறியியல் படிக்கிறாள். கயல் கோயம்புத்தூரில் பி.எஸ்சி. கணிதம். அவளை ரயிலேற்ற அக்கா ஜங்ஷனுக்கு வந்தார், சக்கர நாற்காலியில். அதற்குப் பிறகு அவருக்கு மூன்று மாதமே கிடைத்தது. தினமும் சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், “இன்னைக்கு என்ன நடத்தினாங்க?” என்றுதான் கேட்பார். கடைசி வாரம் கேட்கவும் தெம்பில்லை. கயல் தானாகச் சொல்வாள். மாமா போனை அக்காவின் காதோரம் பிடித்துக்கொள்வார். அப்படியொரு சாயங்காலத்தில், மகளின் பாடம் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். கயல் அந்தக் கணக்கை முடிக்கும்வரை மாமா போனை அக்காவின் காதோரத்திலிருந்து எடுக்கவில்லை.

அக்காவின் நோயில் தாங்கிப் பிடித்த டயாலிசிஸ் பிரிவு சிஸ்டர்களுக்கும், நேரம் காலம் பாராமல் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ நண்பருக்கும், பேனாவைப் பத்து நிமிடம் தாமதமாகத் திறந்த தலைமை ஆசிரியைக்கும், எங்களை வீட்டுக்குள் உட்காரவைத்துப் பேசிய எல்லாக் குடும்பங்களுக்கும், மாப்பிள்ளை கிடைத்த குடும்பம் உட்பட, எங்கள் வீட்டார் அனைவரின் வணக்கமும் நன்றியும். சுவரொட்டி அடித்தவர்மீது குற்றமில்லை. அவர் கேட்டதைத்தான் அடித்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மண்டிக்காரரும் மனைவியும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அந்த அம்மாவிடம் நெஞ்சு நெகிழச் சொன்னேன்: “அன்னைக்கு அக்கா பேசின பேச்சு உங்க மனசை மாத்திருச்சு. அதை நாங்க எந்நாளும் மறக்க மாட்டோம்.”

அவர் கொஞ்சம் தயங்கினார். “அக்கா நல்லாத்தான் பேசினாங்க. ஆனா அதெல்லாம் எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. நீங்க ஃபர்ஸ்ட் குரூப்புன்னு சொல்லிட்டு அந்த நெல்லுக் கணக்குக்கு ஃபேனைப் பாத்தீங்க பாருங்க... இவரையே சேத்திருக்காங்க, எம்பொண்ணுக்கு என்ன கொறைச்சல்னு அப்பத்தான் தோணுச்சு.”